காய்ச்சல் இல்லாத நடுக்கம்

“காயத்துக்குக் கட்டுப் போடலாம் புள்ள. பயத்துக்கு எங்க போடுவ கட்டு?”

எங்கள் தோட்டத்தில் டாக்டர் இல்லாத நாட்களில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. மலேரியாவுக்கான கொயினா மாத்திரைப் போத்தலைத் துணியால் துடைத்துக்கொண்டே, பதில் தெரிந்தால் தனக்கும் சொல்லும்படி கேட்பவர்போலத்தான் கேட்டார். ஆனால் நான் அப்போதுதான் வெள்ளைச் சேலை கட்டி மருந்துக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் தோட்டம் மலாயாவில், சிரம்பானிலிருந்து ரெம்பாவ் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. என் அப்பாவும் அம்மாவும் அங்கே ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்குகிறவர்கள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியை முடித்து, பிறகு சிரம்பானில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் படித்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்த பெண்களில் தெர்மாமீட்டர் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை அடக்கமாகச் சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வாள், அதனால் பெருமையாகவே சொல்கிறேன்.

நான் படித்து முடித்துத் திரும்பியபோது தோட்டம் மாறியிருந்தது. அவசரகாலச் சட்டம் வந்து, சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். விடிந்த பிறகுதான் கேட் திறக்கும். வெளியே போகிறவர்கள் சோறு, சீனி, மருந்து எதுவும் கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். பெண்களைச் சோதனை போட ஒரு தட்டியறை. ஆண்களுக்குத் திறந்த வெளி.

மருந்துக் கொட்டகைக்குக் காலையில் வருகிறவர்களில் பாதிப்பேர் குளிர்க்காய்ச்சல் என்றுதான் வருவார்கள். உடம்பு நடுங்கும், பல் தந்தியடிக்கும். நான் தெர்மாமீட்டர் வைப்பேன். சிலருக்குக் காய்ச்சல் இருக்கும். சிலருக்கு உடம்பு என் உடம்பைப்போலவே குளிர்ந்திருக்கும்.

“ஐயா, இவங்களுக்குக் காய்ச்சல் இல்லை.”

“உதறிட்டு மறுபடி வையி.”

உதறிவிட்டு மறுபடி வைப்பேன். அதேதான்.

“இருந்தாலும் கொயினா குடு. நடுக்கம்னா மலேரியாதான்.”

காய்ச்சல் இல்லாமல் நடுக்கம் மட்டும் எங்கிருந்து வருகிறது? எனக்கு அதுவே யோசனையாக இருந்தது. சிலருக்குக் கையில் தொடங்கும். சிலருக்குத் தாடையில். வேலை இல்லாத நாளில் யாருக்கும் வராது. மலேரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா என்ன?

டிரஸ்ஸர் மோசமானவர் அல்ல. பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றுக்கும் அவர்தான் சைக்கிளில் போய்வருவார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பியவர். அங்கே அவர் கண்முன்னால் நடுங்கி நடுங்கியே ஆட்கள் செத்திருக்கிறார்கள், கொடுக்கக் கொயினா இல்லை. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை, அம்மாதான் சொன்னாள். அதன்பிறகு அவர் அந்தப் போத்தலைக் கவனிக்கிற விதத்தை நான் கவனித்தேன். கொட்டகையில் மற்ற மருந்து தீர்ந்துபோகும். கொயினா தீர்ந்ததே இல்லை. சும்மா இருக்கும்போதுகூட எழுந்துபோய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருவார்.

காய்ச்சல் இல்லாமல் நடுங்கியவர்களில் மோசமாக இருந்தவர் எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்கா. புருஷன் சயாமிலிருந்து திரும்பவில்லை. ஒரே மகள், தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். புருஷனின் தங்கைதான் அக்காவுக்குத் துணை. இரண்டு பேருக்கும் ரப்பர் காட்டில் அடுத்தடுத்த பங்கு, அதாவது தினமும் வெட்டவேண்டிய மரங்களின் தொகுதி. தோட்டத்தின் எல்லையில், காட்டை ஒட்டியிருந்தது.

முள்கம்பி போட்ட சமயத்தில், ஒரு காலையில், அந்த நாத்தனாரை அவள் பங்கில் வைத்தே யாரோ சுட்டுவிட்டார்கள். காட்டிலிருந்து வந்தவர்கள் என்றார்கள். ஏன் அவளை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதலில் போய்ப் பார்த்தது அக்கா. பிறகு போலீஸ் பல நாள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அன்று முதல் அக்கா அதிகம் பேசுவதில்லை. மரம் வெட்டும்போது கை நடுங்கி, கத்தி பட்டையைத் தாண்டி மரத்தின் சதையில் இறங்கிவிடும். அப்படி வெட்டினால் அந்த இடம் புடைத்து, பிறகு பால் வராது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு வாரமும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் புகார் சொன்னார்.

துரை டிரஸ்ஸரிடம் கேட்டார். டிரஸ்ஸர், பெரிய டாக்டர் மாதக் கடைசியில் தோட்டத்துக்கு வரும்போது அக்காவைக் காட்டி, வடக்கே இருக்கிற பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். போனவர்கள் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. வேலை போனால் முள்கம்பிக்குள் வீடும் இல்லை. மகளை எங்காவது விடுதியில் சேர்ப்பார்கள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபோதுதான் டிரஸ்ஸர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த வழியில் தொடங்கினேன். தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள்? கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெஞ்சைக் கழுவிப் போட்டேன். மத்தியானம், பாலை எடைபோட்டுவிட்டுத் திரும்பும் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காகிதமும் பென்சிலுமாக எதிரில் உட்கார்ந்தேன்.

“எப்பலேருந்து நடுக்கம்? எதைப் பாத்தா வருது? அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க? கூட யாரு இருந்தா?”

எல்லோருக்கும் திடீரென்று உடம்பு நன்றாக ஆகிவிட்டது. கடைசியாக வந்தவர் எங்கள் எதிர் வீட்டுக்காரர். உறவில்லை என்றாலும் சித்தி என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்திலேயே வாய் அதிகம். பெஞ்சில் உட்காராமல் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“ஏன் டீச்சரம்மா, இதையெல்லாம் எழுதி எந்தப் போலீஸ் ஸ்டேசனுக்கு அனுப்புவ?”

“ஸ்டேசனுக்கு ஏன் சித்தி அனுப்பணும்? மருந்துக்குத்தான்.”

“அவனுங்களும் இதேதான் கேட்டானுங்க. எப்ப, எங்க, கூட யாரு. நீ மூஞ்சியில லைட்டு அடிக்கிறது ஒண்ணுதான் பாக்கி. உங்கம்மாவுக்குத் தெரியுமா, மக துப்பு வேலைக்குச் சேந்துட்டான்னு?”

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்துபோகும்போது யோசித்தால் அவர் சொன்னது சரிதான். அந்த வருடங்களில் எங்கள் தோட்டத்தில் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டவர்கள் எல்லோரும் யாரையாவது பிடித்துக்கொண்டு போனவர்கள். பென்சிலைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ள எல்லோரும் பழகியிருந்தார்கள். பெஞ்சை உள்ளே எடுத்துப் போட்டேன்.

கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குக் கையிலிருந்தது புண் கழுவும் வேலை. மரம் வெட்டுகிறவர்களின் காலில் அட்டைக்கடியும் கீறலும் புண்ணாகிக் கிடக்கும். கொட்டகைக்கு வந்து காத்திருக்க நேரமில்லாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த வேலையை ரப்பர் காட்டுக்கே கொண்டுபோகிறேன் என்று டிரஸ்ஸரிடம் கேட்டேன். காலில் புண் ஆறினால் துரைக்கும் லாபம் என்பதால் அனுமதி கிடைத்தது. மருந்து வெளியே போகக் கூடாது என்ற சட்டத்துக்காக, கேட்டில் இருந்த மலாய் கான்ஸ்டபிள் என் ஊதா மருந்துப் போத்தலில் பென்சிலால் கோடு போட்டு, திரும்பி வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். என் விரல்களெல்லாம் ஊதாவாக இருப்பதைக் காட்டினால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்.

மரங்களை வெட்டி முடித்த பிறகு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் இறங்கி நிறைகிறவரை பெண்கள் ஓர் இடத்தில் சேர்ந்து உட்காருவார்கள். முன்பு அது ரொட்டியோ பழைய சோறோ சாப்பிடும் நேரம். இப்போது சீனி போடாத கோப்பி மட்டும்.

“இந்தக் கோப்பியக் காட்டுக்காரனுக்குக் குடுத்தா அன்னிக்கே வந்து சரணடஞ்சிருவான்லா” என்றார் சித்தி.

“உன் பேச்சக் கேட்டாலே வந்துருவான்” என்றாள் இன்னொருத்தி.

நான் எதுவும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக மடியில் வைத்துக் கழுவினேன். அங்கேதான் நான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். காலைக் கழுவுகிறவள் முகத்தைப் பார்ப்பதில்லை. முகம் பார்க்கப்படாதபோது, பேச்சு தானாக வருகிறது. அதுவும் எனக்கல்ல, மரத்துக்கோ பக்கத்தில் இருப்பவளுக்கோ சொல்வதுபோல வரும். கனவில் நாய் குரைப்பதாக ஒருத்தி சொன்னாள். கிணற்றடியில் வாளி விழுந்தால் தனக்கு மூத்திரம் போய்விடுகிறது என்று இன்னொருத்தி சொல்லிச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு “எனக்கும்தான்” என்றது ஒரு குரல்.

சில நாட்களில் கூவல் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும், ஆனால் அதைப் பற்றி யோசித்ததில்லை. மரம் வெட்டும்போது ஒவ்வொரு நிரையின் முனைக்கு வந்ததும் பெண்கள் “ஊ...ய்” என்று நீளமாகக் கூவுவார்கள். பக்கத்துப் பங்கில் இருப்பவள் பதிலுக்குக் கூவுவாள். பனி மூட்டத்தில் ஆளை ஆள் பார்க்க முடியாத காட்டில், பங்கு பங்காக அந்தச் சத்தம் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். நாத்தனார் செத்த பிறகு, காட்டுக்குச் சமிக்ஞை கொடுக்கிறார்கள் என்று போலீஸ் அதைத் தடை செய்துவிட்டது.

“இப்பப் பால் நிறுக்கிற எடத்துக்கு வந்தாத்தான் யாரு இருக்கா, யாரு இல்லன்னு தெரியுது” என்றார் சித்தி. அவருடைய கால் அப்போது என் மடியில் இருந்தது. “அதுவரைக்கும் நான் எல்லாரையும் மனசுக்குள்ள ஒருவாட்டி பொதச்சிருவேன். வாளியோட வர்றதப் பாத்ததும் திரும்ப எழுப்பிருவேன். தெனமும் இதே வேலை.”

அவர் அதையும் வேடிக்கைபோலத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவள் தன் கோப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அக்கா அந்தக் கூட்டத்தில் சேர்வதில்லை, தள்ளித் தனியாக உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் புறப்படும்போதே நானும் கூட நடந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வெட்ட, நான் பின்னால் நின்று மரங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். சாலையோர மரங்களில் வெட்டு அழகாக, ஒரே சரிவாக இறங்கியிருந்தது. மண்டோரே பாராட்டவேண்டிய வெட்டு. உள்ளே போகப் போகவும் அப்படித்தான். பிறகு ஒரு சிறு ஓடை குறுக்கே வந்தது. அதன் மேல் ஒரு பலகை. அதைத் தாண்டியதும் முதல் மரத்தின் பட்டையில் ஒரு குழி. அடுத்ததில் இரண்டு. அதற்கப்புறம் பட்டையெல்லாம் புடைத்துப் புடைத்து, தழும்பு தழும்பாக இருந்தது.

நான் திரும்பிப் பலகையைக் கடந்து வந்து மறுபடி பார்த்தேன். இந்தப் பக்கம் சுத்தம். அந்தப் பக்கம் காயம். எனக்குள் ஏதோ சுறுசுறுப்பாக ஓடியது. இது அக்காவின் உடம்பு முழுக்க இருக்கும் வியாதி அல்ல. இதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் தோட்டத்திலேயே நல்ல வேலைக்காரி. அந்தப் பக்கம் போனால்தான் கை நடுங்குகிறது.

“அக்கா, அந்தப் பங்குதானே...” என்று நாத்தனார் செத்த பிறகு பக்கத்தில் யாரும் வெட்டாமல் விட்டிருந்த மரங்களைக் காட்டினேன். காய்ந்த பால் கோடுகளோடு அவை நின்றன. மங்குகள் கவிழ்ந்து கிடந்தன.

அக்கா கத்தியைத் துடைத்தார். ஓடைப் பக்கம் பார்த்துப் பேசினார். குரல் கரகரப்பாக இருந்தது.

“ஓட தாண்டினதும் கூவுவேன். அவ கூவுவா. அன்னிக்குக் கூவல. வெளையாடுறான்னு நெனச்சு, ‘செத்துட்டியாடி’ன்னு கேட்டேன்.”

அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தேன்.

கூவலைத் திரும்பக் கொண்டுவர முடியாது. போலீஸ் ஒப்புக்கொள்ளாது. பதில் குரல் இல்லாவிட்டால், முகமாவது தெரிய வேண்டும். ஆனால் அடுத்தடுத்த பங்குகளில் வெட்டுகிறவர்கள் ஏன் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை? இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் கொட்டகையில் மருந்துக் கிண்ணங்களைத் தரையில் வரிசையாக வைத்து, இரண்டு பங்குகளைப்போல அடுக்கி, என் விரல்களால் வெட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் மண்டோரின் சட்டம், எல்லோரும் பங்கின் இடது முனையில் தொடங்க வேண்டும். பின்னால் வந்து வேலையைச் சரிபார்க்க அவருக்குச் சுலபம். ஒரு நிரையில் வலப்பக்கமாகப் போய், அடுத்த நிரையில் இடப்பக்கமாகத் திரும்பி, இப்படியே உள்ளே போக வேண்டும். எல்லோரும் இடதில் தொடங்குவதால், ஒருத்தி இரண்டு பங்கும் சேரும் எல்லைக்கு வரும்போது மற்றவள் தன் பங்கின் மறுமுனையில் இருப்பாள். அவள் எல்லைக்கு வரும்போது இவள் தூரத்தில் இருப்பாள். ஒருநாளும் சந்திக்க மாட்டார்கள். கூவல் இருந்தவரை யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டில் ஒருத்தியை மட்டும் வலதிலிருந்து தொடங்கச் சொன்னால், இருவரும் எல்லைக்கு ஒன்றாக வருவார்கள், ஒன்றாகப் பிரிவார்கள், மறுபடி ஒன்றாக வருவார்கள். காட்டு எல்லைவரை அப்படியே போகும். விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு விரலும் சந்தித்தன. தனியாக இருந்தும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஆபீஸுக்குப் போய்த் துரையிடம் சொன்னேன். நான் இங்கிலீஷில் பேசினேன், அதற்காகத்தானே படித்தேன். அவர் தமிழில் பதில் சொன்னார், அதற்காக அவரும் படித்திருக்கிறார் அல்லவா? கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

“பொம்பள ஆளு நின்னு பேசிட்டு இருந்தா, மரம் யாரு வெட்றது?” என்றார் துரை.

பேசப்போவதில்லை, பார்க்கத்தான் போகிறார்கள் என்றேன். காலியாகக் கிடக்கும் பங்கிலும் பால் கிடைக்கும் என்றேன். பக்கத்தில் நின்ற மண்டோருக்குத்தான் பொறுக்கவில்லை.

“எங்கப்பா மண்டோரா இருந்த காலத்துலேருந்து இடது பக்கந்தான் துரை. இன்னிக்கு இந்தப் புள்ள மாத்துது. நாளைக்கு மரத்தத் தலகீழா நடச் சொல்லும்.”

துரை சிரித்துவிட்டார். டாக்டர் வரும்வரை செய்து பாருங்கள், மரம் கெட்டால் அத்தோடு சரி என்றார். டாக்டர் வர இரண்டு வாரம்கூட இல்லை.

அந்தக் காலிப் பங்குக்கு யார் போவது? பால் இறங்கும் நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் கோப்பியைப் பார்த்தார்கள். செத்தவளின் பங்கு. அவள் மங்குகள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரும் வராவிட்டால் நானே கத்தி எடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“நீ வெட்டினா மரம் செத்துரும், உக்காரு” என்றார் சித்தி. “நானே போறேன். பேய் என்னப் பாத்தா வழி விட்டுரும்.” பிறகு, என் பக்கம் குனிந்து, “எனக்கும் பயந்தான். யாருகிட்டயும் சொல்லாத” என்றார்.

அவருடைய பங்கை இளம்பெண் ஒருத்திக்குக் கொடுத்தார்கள். சித்தி ஒரு நிபந்தனையும் போட்டார். எல்லைக்கு முதலில் வருகிறவள் நிற்க வேண்டும், மற்றவளின் முகம் தெரியும்வரை அடுத்த நிரைக்குப் போகக் கூடாது. எனக்குத் தோன்றாதது அது. மர எண்ணிக்கை எல்லா நிரையிலும் ஒன்றாக இருக்காது என்பதை என் மருந்துக் கிண்ணங்கள் சொல்லவில்லை.

முதல் நாள் நான் கூடப் போயிருந்தேன். ஓடைவரை எல்லாம் சரியாக நடந்தது. எல்லை மரத்தடியில் இருவரும் வந்து நிற்பதும், தலையை ஆட்டிவிட்டுத் திரும்புவதும் எனக்கு ஏதோ கல்யாண வீட்டில் மாலை மாற்றுவதுபோல இருந்தது. ஓடைக்கு வந்ததும் அக்கா பலகைமேல் கால் வைக்கவில்லை. கை நடுங்கத் தொடங்கியது. சித்தி தன் பக்கத்து ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கத்து எல்லை மரத்தடியில் வந்து நின்றார். முகம் தெரியும்வரை நகரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நின்றார். வெயில் ஏறியது. மண்டோர் வந்து திட்டினார். சித்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“நிக்கிறேன் ஆத்தா. எனக்கு வேற என்ன வேலை” என்றார், சாதாரணக் குரலில்.

அக்கா பலகையைத் தாண்டினார். அன்று அந்தப் பக்கத்தில் பாதி மரங்களைத்தான் வெட்ட முடிந்தது, அதிலும் குழி விழுந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். சில நாட்களில் முழுப் பங்கும் முடிந்தது. சித்தியும் அங்கே முதல் நாட்களில் மரத்தைக் காயப்படுத்தினார் என்பதைச் சொல்ல வேண்டும். அவருக்கு இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததே இல்லையாம். அக்கா அதைப் பார்த்துவிட்டு, “ஏண்டி, என்னையவிட நீ மோசமா வெட்டுற” என்று சொன்னாராம். இரண்டு வருடத்தில் அக்கா அடித்த முதல் கேலி என்று சித்தி அன்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டாக்டர் வருவதற்கு முதல் நாள் டிரஸ்ஸரைக் காட்டுக்குக் கூப்பிட்டேன். வரமாட்டார் என்று நினைத்தேன், சைக்கிளை விட்டுவிட்டு வந்தார். ஓடை தாண்டியதும் மரத்தருகே குனிந்து ஒவ்வொரு தழும்பையும் விரலால் தொட்டார். புண்ணைப் பார்த்துப் பழகியவர் அல்லவா, எனக்கு முன்னால் அவரே பிரித்துவிட்டார்.

“இது பழசு. இது போன மாசத்துது. இது... இந்த வாரமா? பரவால்லயே.”

கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று நிமிர்ந்து சுற்றிலும் காட்டைப் பார்த்தார். மூங்கிலும் ஈரமும் ஓடைச் சத்தமும். அங்கேயே ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டார். அவர் கைகள் நடுங்கின. என் பையில் தெர்மாமீட்டர் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, அவர் முகத்தைப் பார்க்காமல் நானும் உட்கார்ந்தேன்.

“சயாம்லயும் இப்படித்தான் ஓட ஒண்ணு இருந்துச்சு” என்றார் பிறகு. “காய்ச்சல் இல்லாதவனும் நடுங்குவான். அவனையும் மலேரியான்னுதான் எழுதிக்குவேன். மலேரியான்னா ஜப்பான்காரனுங்க ஒருநாள் படுக்க விடுவானுங்க. பயம்னா விடுவானுங்களா?”

அவருக்கு வித்தியாசம் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் பெண்கள் குளிர்க்காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு ஏன் கொட்டகைக்கு வந்தார்கள் என்பதும் புரிந்தது. எங்கள் தோட்டத்தில் நடுங்குவதற்கு அனுமதி உள்ள வியாதி அது ஒன்றுதான்.

மறுநாள் டாக்டர் அக்காவைக் கை நீட்டச் சொன்னார். கை நடுங்கத்தான் செய்தது. டாக்டர் டிரஸ்ஸரைப் பார்த்தார்.

“வேலை செய்றாங்க சார்” என்றார் டிரஸ்ஸர் இங்கிலீஷில். “நான் போய்ப் பாத்தேன். மரம் சரியாகிட்டு வருது. அனுப்ப வேண்டாம்.”

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். அக்கா வெளியே வந்து, பள்ளி விட்டு வந்த மகளிடம் எதுவும் சொல்லாமல் அவள் பின்னலைப் பிரித்துத் திரும்பப் பின்னத் தொடங்கினார்.

அக்காவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மழை நாளில் இப்போதும் பலகைக்கு முன்னால் நின்றுவிடுகிறார். நாத்தனாரைப் பற்றி அன்று சொன்ன அந்த ஒன்றைத் தவிர வேறு சொன்னதில்லை. ஆனால் காட்டு எல்லையில் இருக்கும் பங்குகள் எல்லாவற்றிலும் இப்போது ஒருத்தி இடதிலும் ஒருத்தி வலதிலும் தொடங்குகிறார்கள். மண்டோர் அதைத் தன் யோசனை என்று பக்கத்துத் தோட்டத்து மண்டோரிடம் சொல்லியிருக்கிறார். சித்திதான் என்னைவிடக் கோபப்பட்டார்.

போன வாரம் டிரஸ்ஸர் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து திரும்பியதும், சைக்கிளை நிறுத்தாமலேயே சொன்னார். அங்கே வந்தவர்களுக்கெல்லாம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாராம். பாதிப்பேருக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் அவர்கள் பங்குகள் சாலையோரம், காடு பக்கத்திலேயே இல்லை.

“அப்புறம் எங்க நடுங்குறாங்க ஐயா?”

“எனக்கென்ன தெரியும்? நீதான் போய்ப் பாக்கணும். பாஸ் வாங்குறதுதான் கஷ்டம்.”

அவரிடம் சொல்லாமலேயே அன்று மாலை துரையிடம் வெளியே போகும் அனுமதிப் பாஸ் வாங்கினேன். மறுநாளே லாரியில் போனேன். அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் கணுக்காலில் புண் கழுவிக்கொண்டிருந்தபோது, யாருக்கோ சொல்வதுபோல அவள் சொன்னாள், காட்டில் ஒன்றும் இல்லை, கேட்டில் சோதனை போடும் தட்டியறைக்குள் நுழையும்போதுதான் பல் கிட்டித்துக்கொள்கிறது என்று. எங்கள் கேட்டில் என் போத்தலை மட்டும்தான் பார்ப்பார்கள், அந்த மாதிரி அறைக்குள் நான் போனதே இல்லை. அன்று இரவு அங்கேயே தங்கி, விடிந்ததும் மருந்துப் பெட்டியை வைத்துவிட்டு, அந்தப் பெண்களோடு வரிசையில் நின்று, அவர்களைப்போலவே நானும் அந்த அறைக்குள் போனேன்.